மூலமும் நகலும்

எங்கள் ஊர்ச் சுவர்களில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. ஒன்று சாமி சம்பந்தப்பட்டது. இன்னொன்று மூலம், பௌத்திரம் சம்பந்தப்பட்டது. பஸ் ஸ்டாண்ட் சுவர், மின்கம்பம், கட்டணக் கழிப்பறையின் கதவு என்று எங்கே திரும்பினாலும் ஒரு போன் நம்பரும் 'ஆபரேஷன் இல்லாமல்' என்ற வாக்குறுதியும் இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் அதைச் சத்தமாக வாசித்துச் சிரிப்போம். பௌத்திரம் என்றால் என்னவென்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது.

2015இல் என் சித்தி பையன் அப்படி ஒரு நம்பருக்கு போன் செய்திருக்கிறான். அவனுக்கு அப்போது 22 வயது. மலத்தில் ரத்தம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஏதோ சூரணம் தின்றான். 61 கிலோ இருந்தவன் 48க்கு வந்தபோதுதான் சித்திக்கே சந்தேகம் வந்தது. "காதல் கீதல்னு ஏதாவது இருக்குமோ" என்று என்னிடம் போனில் கேட்டாள்.

அந்தக் கார்த்திகைக்கு நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இருவரும் கிரிவலம் கிளம்பினோம். 14 கிலோமீட்டர். சின்ன வயதிலிருந்து நடக்கிற பாதைதான். மற்றவர்கள் இந்திரன், அக்னி, எமன் என்று எட்டு லிங்கங்களை எண்ணிக்கொண்டு நடப்பார்கள். இவன் கழிப்பறைகளை எண்ணிக்கொண்டு நடந்தான். எதில் தண்ணீர் வரும், எதற்கு ஐந்து ரூபாய், எதில் பௌர்ணமியன்று வரிசை நிற்கும் என்று ஒரு வரைபடமே மண்டைக்குள் வைத்திருந்தான். "நிருதி லிங்கம் தாண்டுனா கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணுமே இல்லண்ணா. அங்கதான் பயம்" என்றான். அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னான்.

அதன் பிறகு ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி. சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் புண்கள். "டி.பி.யாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். ஆறு மாத மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. முதல் இரண்டு மாதம் கொஞ்சம் தேறினான், பிறகு பழையபடி. கடைசியில் ஆசனவாய் ஓரத்தில் ஒரு துளை விழுந்து சீழ் வடிய ஆரம்பித்தது. பௌத்திரம். சுவரில் வாசித்துச் சிரித்த அதே சொல்.

வேறொரு ஊரில் வேறொரு டாக்டர், க்ரோன்ஸ் நோய் என்றார். குடல் அழற்சி நோய்களில் ஒன்று. உடம்பின் காவல்படை தன் குடலையே தாக்குவது. குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, பெயர் அடலிமுமாப். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஒரிஜினல் ரொம்ப விலைங்க. இது பயோசிமிலர், நம்ம நாட்டுத் தயாரிப்பு. அதே மாதிரிதான் வேலை செய்யும்."

சித்தப்பா ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் அவரிடம் கேட்ட கேள்வியை அவர் டாக்டரிடம் கேட்டார்: "டூப்ளிகேட்டா சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இதற்குள் இறங்கினேன். தேடிப் போனதில், நகல் மருந்துகளின் கதையை எழுதுகிறவர்கள் விலையில் ஆரம்பித்துக் காப்புரிமையில் முடித்துவிடுவதைப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு அது போதும். வட ஆற்காட்டுக் குடலுக்குள் இந்த மருந்து வரும்போது அதற்கு முன்பே அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். காசநோய். அவரைக் கேட்காமல் இந்த ஊசியைப் போட முடியாது.

*

வயிறு நம் பக்கத்துக்குப் புதிய துன்பம் இல்லை. குன்மம், கிராணி, சூலை, சீதபேதி என்று எத்தனை பெயர்கள். திருத்தணி முருகன் மீது அருணகிரிநாதர் பாடிய ஒரு திருப்புகழ் நோய்களின் பட்டியலாகவே தொடங்கும். பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில்தான் அப்பருக்குச் சூலை தீர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் குடலைப் பிடித்துக்கொண்டு அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்த கதை. (அப்பருக்கு வந்தது க்ரோன்ஸ்தான் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்ய வேண்டாம். 1,300 வருடத்துக்கு முந்தைய வயிற்றுவலிக்கு பயாப்சி கிடையாது.)

திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்தின் குடலை உலகத்திலேயே மிகக் கவனமாக ஆராய்ந்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள். 1960களில் இங்கத்திய கிராமங்களில் 'ட்ராப்பிகல் ஸ்ப்ரூ' கொள்ளைநோய் போலப் பரவியது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் மாதக்கணக்கில் பேதி, எலும்பும் தோலுமாக ஆவது. நம் ஆட்கள் கிராணி என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட அதே வருணனை. செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதைப் பதிவு செய்தார்கள். நம்மூரில் வயிறு கெட்டுப்போனால் காரணம் கிருமி, தண்ணீர், வறுமை, இல்லையென்றால் டி.பி. என்பதுதான் அன்றைய புரிதல். தவறும் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

க்ரோன்ஸ் அப்போது வெள்ளைக்காரர் நோய். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஒப்பன்ஹைமர் என்ற மூவர் 14 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, புண்ணாகி, சுருங்கிப் போவது, டி.பி. கிருமி கிடையாது, வேறு காரணமும் தெரியவில்லை. ஆங்கில அகரவரிசையில் க்ரோனின் பெயர் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயர். அந்த 14 பேருக்கும் அறுவை செய்த ஏ.ஏ. பெர்க் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் இன்று என் தம்பிக்கு 'பெர்க்ஸ் நோய்' வந்திருக்கும். இவர்களுக்கும் முன்பே, 1913இல், கிளாஸ்கோவில் கென்னடி டால்ஸியல் இதையே விவரித்திருந்தார். மாடுகளுக்கு வரும் ஒரு குடல்நோயை இது ஒத்திருக்கிறது என்று கூடக் குறிப்பிட்டார். அந்த மாட்டுநோயின் கிருமி காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன். ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்த நோய் டி.பி.யின் நிழலில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

2003இல் பஞ்சாபிலிருந்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. அழற்சி நோய்களில் இன்னொன்றான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மட்டும் லட்சத்தில் 44 பேருக்கு இருந்தது. வெள்ளைக்காரர் நோய் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போயிற்று. ஆனால் டாக்டர்களின் கையில் இருந்த சிக்கல் தீரவில்லை. இரண்டும் குடலின் அதே முனையில் வருகிறது. இரண்டிலும் காய்ச்சல், எடை இறக்கம், வலி. கேமரா வைத்துப் பார்த்தால் இரண்டும் புண். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டிலும் கிரானுலோமா.

இந்தக் கிரானுலோமாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமியை நம் உடம்பு பல சமயம் கொல்வதில்லை. கொல்ல முடியாது. அதனால் சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். திருடன் உள்ளே புகுந்த வீட்டைச் சுற்றி ஊரே விடிய விடிய நிற்பது போல. அந்த முற்றுகைதான் கிரானுலோமா. திருடன் உள்ளே பல வருடம் உயிரோடு இருப்பான், வெளியே வர மாட்டான். க்ரோன்ஸில் என்ன ஆகிறது என்றால், வீட்டில் திருடனே இல்லை. ஆனாலும் ஊர் கூடி நிற்கிறது, கல்லெறிகிறது, கூரையைப் பிரிக்கிறது.

வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? 1999இல் வேலூரிலிருந்து அன்னா புலிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை இதற்குத்தான். கொலோனோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கிற அரிசிமணி அளவுச் சதையிலேயே வித்தியாசம் தெரியும் என்றார்கள். டி.பி.யின் முடிச்சுகள் பெரியவை, நிறைய, ஒன்றோடொன்று ஒட்டியவை, நடுவே அழுகியவை. க்ரோன்ஸின் முடிச்சுகள் சின்னவை, அங்கொன்று இங்கொன்று. எல்லாச் சதையிலும் இது தெளிவாகத் தெரியாது என்பதுதான் துயரம். அதனால் இன்றுவரை சந்தேகம் வந்தால் முதலில் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். என் தம்பியின் முதல் டாக்டரை நான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் வாசித்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அவன் அந்த ஆறு மாதமும் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீடுகளில். 1959இல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டு மனிதர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இது ஒரு காரணம். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருப்பது அந்தக் காலம்தான்.

*

இனி ஊசி. இதுவும் யாரோ எதற்கோ தேடி, வேறு எதற்கோ கிடைத்தது.

1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் எலிசபெத் கார்ஸ்வெல்லும் புற்றுக்கட்டிகளை அழுகச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டு அதற்கு 'ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்', சுருக்கமாக டி.என்.எஃப். என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று நம்பிக்கை. இன்னொரு பக்கம் ஆந்தனி செராமி, நோய்ப்பட்ட விலங்குகள் ஏன் சாப்பிட்டாலும் இளைத்துக்கொண்டே போகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். இளைக்க வைக்கும் புரதம் ஒன்று சிக்கியது. 1985இல் ப்ரூஸ் பாய்ட்லரோடு சேர்ந்து பார்த்தால், இரண்டும் ஒரே ஆள். என் தம்பியின் 13 கிலோவைத் தின்றது காதல் இல்லை, இதுதான் என்று சித்தியிடம் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

அப்புறம் யோசனை தலைகீழானது. டி.என்.எஃபைக் கொடுப்பதற்குப் பதில் அதைத் தடுத்தால்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யான் வில்செக்கும் ஜுன்மிங் லேவும் எலியில் ஒரு ஆன்டிபாடியை உண்டாக்கினார்கள். சென்டோகோர் நிறுவனம் அதில் பெரும்பகுதியை மனிதப் புரதமாக மாற்றியது. ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸுக்கு என்று நினைத்தார்கள், தேறவில்லை. லண்டனில் மூட்டுவாதத்துக்குத் தேறியது. 1993இல் ஆம்ஸ்டர்டாமில் சாண்டர் வான் டெவென்டரின் குழு, எந்த மருந்துக்கும் அடங்காத க்ரோன்ஸ் இருந்த ஒரு சிறுமிக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. சில வாரங்களில் குடல் ஆறியது. 1997இல் 108 பேரை வைத்து நடந்த சோதனையில், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வாங்கியவர்களில் 81 சதவீதம் பேர் நான்கே வாரத்தில் தேறினார்கள். வெறும் உப்புநீர் போன்ற போலி மருந்து வாங்கியவர்களில் 17 சதவீதம். 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி. பெயர் இன்ஃப்ளிக்சிமாப், கடைப்பெயர் ரெமிகேட். அடலிமுமாப் அதன் தம்பி. முழுக்க மனிதப் புரதம், தோலுக்கடியில் தானே குத்திக்கொள்ளலாம், கடைப்பெயர் ஹியூமிரா, 2002 கடைசி நாளில் அனுமதி.

இப்போது முற்றுகை உவமைக்கு ஒரு நிமிடம் திரும்பி வருவோம். கூடி நிற்கும் ஊரை நில்லுங்கள், கலையாதீர்கள் என்று கூவிக்கொண்டே இருக்கும் குரல்தான் டி.என்.எஃப். அந்தக் குரலை அடைத்தால் க்ரோன்ஸில் கல்லெறிகிற கூட்டம் கலையும். நல்லது. ஆனால் குரல் ஊருக்கெல்லாம் பொது. நுரையீரலின் ஒரு மூலையில் நிஜமான திருடனைச் சுற்றி நின்றுகொண்டிருந்த இன்னொரு கூட்டமும் கலைந்துவிடும்.

2001இல் அமெரிக்காவில் ஜோசஃப் கீன் இதைக் கண்டுபிடித்து எழுதினார். இன்ஃப்ளிக்சிமாப் வாங்கியவர்களில் 70 பேருக்கு டி.பி. பாதிப் பேருக்கு மருந்து தொடங்கி 12 வாரத்துக்குள். 70இல் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. டி.பி. அபூர்வமான நாடுகளில் இருந்தே இவ்வளவு. அதன் பிறகு ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, டி.பி. பரிசோதனை என்பது கட்டாயமானது.

இந்தியாவில்? 2019 முதல் 2021 வரை சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 சதவீதம் பேரின் உடம்பில் காசநோய்த் தொற்று இருந்தது. நோயாக இல்லை, தூங்கும் தொற்றாக. தில்லி எய்ம்ஸில் குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாப் வாங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், முன்கூட்டியே பரிசோதித்தும் பத்தில் ஒருவருக்கு மேல் டி.பி. வந்தது. அமெரிக்கக் கையேட்டை அப்படியே காப்பியடித்து இங்கே மருந்து கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

*

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். டூப்ளிகேட்டா?

பாராசிட்டமால் மாதிரியான மருந்தின் நகல் வேறு விஷயம். அது சின்ன மூலக்கூறு. வாய்ப்பாடு தெரிந்தால் யார் செய்தாலும் அணுவுக்கு அணு அதேதான். சோர்ஸ் கோடை அப்படியே எடுத்து கம்பைல் செய்வது போல. ஆன்டிபாடி அதைப்போல ஆயிரம் மடங்கு பெரியது. அதைத் தொட்டியில் கலக்கிச் செய்ய முடியாது, உயிருள்ள செல்தான் செய்ய வேண்டும். அடலிமுமாபைச் செய்வது சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல். 1948இல், உள்நாட்டுப் போரில் சீனா கைமாறிக்கொண்டிருந்தபோது, ஒரு பெட்டியில் அடைத்து அமெரிக்காவுக்கு விமானமேற்றப்பட்ட வெள்ளெலிகளின் வாரிசு வழியில் வந்தது. 1957இல் தியோடர் பக் அதன் செல்களைச் சாகாமல் வளர்க்கக் கற்றுக்கொண்டார். உலகின் விலையுயர்ந்த மருந்துகளில் பெரும்பங்கை இன்று அந்த எலிக்குடும்பம்தான் தயாரிக்கிறது.

அசல் கம்பெனி தன் செல்லை யாருக்கும் தராது. நகல் செய்கிறவர்கள் கடையில் அசல் மருந்தை வாங்கி, பிரித்துப் பார்த்து, அதே புரதத்தை வேறு செல்லில் வரவைக்க வேண்டும். 1982இல் காம்பேக் நிறுவனம் ஐ.பி.எம். கணினியின் பயாஸை இப்படித்தான் நகலெடுத்தது. ஒரு குழு அசலைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும். அசலைப் பார்க்கவே பார்க்காத இன்னொரு குழு அதை வைத்துப் புதிதாகக் கோடு எழுதும். என் தொழிலில் இதை யாரும் டூப்ளிகேட் என்று சொல்வதில்லை, நாம் எல்லோரும் அந்த நகலின் வாரிசுகளில்தான் வேலை பார்க்கிறோம். ஒரு வேறுபாடு: பயாஸ் சரியாக இல்லாவிட்டால் கணினி உடனே நிற்கும். புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்று மனிதருக்குள் போனால்தான் தெரியும்.

எனக்கு இதில் பிடித்த தகவல், அசலும் அசலாக இருப்பதில்லை என்பது. ரெமிகேட் சந்தைக்கு வந்த பிறகு அதன் தயாரிப்பு முறை 30 தடவைக்கு மேல் மாற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்து 'போதுமான அளவு ஒன்றுதான்' என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் ஒப்புக்கொண்டன. 1998இன் ரெமிகேட்டும் பின்னாளைய ரெமிகேட்டும் வெவ்வேறு வெர்ஷன்கள். நகலை ஒப்பிடும் கணக்கும் அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். தமிழில் மூலம் என்றால் அசல் என்றும் பொருள், ஆசனவாய் நோய் என்றும் பொருள். இரண்டு மூலமும் பார்த்த மாதிரி இருப்பதில்லை.

இந்த ஆட்டத்தில் இந்தியா சீக்கிரமே இறங்கியது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் ரிட்டுக்சிமாபின் நகலைக் கொண்டுவந்தது. ஐரோப்பா அதே மருந்தின் நகலுக்கு அனுமதி தந்தது 2017இல். இன்ஃப்ளிக்சிமாபில் கொரியாவின் செல்ட்ரியன் முந்திக்கொண்டது, 2013இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அடலிமுமாபில் அகமதாபாத்தின் ஸைடஸ் காடிலா முதல். 2014 டிசம்பரில் எக்ஸெம்ப்டியா, அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு, ஊசி ஒன்று சுமார் 200 டாலர். அமெரிக்கா ஹியூமிராவின் முதல் நகலுக்கு 2016இல் அனுமதி கொடுத்தும், நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளின் வேலிக்குள் சிக்கி அது கடைக்கு வந்தது 2023 ஜனவரியில். முந்தைய வருடம் மட்டும் ஹியூமிராவின் உலக விற்பனை 2,100 கோடி டாலர். திருவண்ணாமலைப் பையனுக்கு 2016இல் கிடைத்த நகல் மருந்து கலிபோர்னியாக்காரனுக்குக் கிடைக்க இன்னும் ஏழு வருடம் ஆனது. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

பெருமையோடு ஒரு நெருடலும் உண்டு. இந்தியா பயோசிமிலருக்கான வழிகாட்டு நெறிகளை எழுதியதே 2012இல்தான். இந்த மருந்துகளின் சோதனைகள் பெரும்பாலும் மூட்டுவாதக்காரர்களிடம், சிறிய எண்ணிக்கையில் நடந்தவை. மூட்டில் வேலை செய்தால் குடலிலும் செய்யும் என்று நீட்டிப் பொருள்கொள்வார்கள். இது இந்தியாவின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் 2014இல் கனடா செல்ட்ரியனின் மருந்தை மூட்டுவாதத்துக்கு அனுமதித்து, குடலுக்கு மறுத்தது. குடலில் இது வேலை செய்யும் விதம் வேறாக இருக்கலாம் என்று சந்தேகம். 2016இல் கூடுதல் தரவுகளைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது. நார்வே அரசு தன் செலவில் 'நார்-ஸ்விட்ச்' என்ற சோதனையை நடத்தியது. அசலில் இருந்த 482 பேரில் பாதியை நகலுக்கு மாற்றினார்கள். 2017இல் முடிவு: அசலில் 26 சதவீதம் பேருக்கு நோய் மோசமானது, நகலில் 30. முன்பே வகுத்துக்கொண்ட எல்லைக்குள். ஆனால் க்ரோன்ஸ்காரர்களை மட்டும் தனியே பிரித்தால் 21க்கு 36. அவர்களின் எண்ணிக்கை குறைவு, அது தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம்தான். அந்த இரண்டு எண்களை நான் ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019இல் க்ரோன்ஸ்காரர்கள் 220 பேரை மட்டும் வைத்து நடந்த சோதனையில் அசலும் நகலும் சமமாக நின்றதை வாசித்த பிறகுதான் அந்த நெருடல் அடங்கியது.

ஆக சித்தப்பாவுக்கு என் பதில்: டூப்ளிகேட் இல்லை. நம் கடையில் நீங்கள் கம்பெனி பார்த்து வாங்கி வைக்கிற 'ஓ.இ. ஈக்வலன்ட்' போல. கம்பெனி முக்கியம், பில் முக்கியம்.

*

ஊசி தொடங்குவதற்கு முன் அவனுக்கு மறுபடி எக்ஸ்ரே, ரத்தத்தில் டி.பி. பரிசோதனை, பழைய பயாப்சி ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் வைத்து மறுபடி பார்ப்பது. "ஆறு மாசம் மாத்திர தின்னேனேண்ணா, இன்னுமா டி.பி.?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மூன்று வாரக் காத்திருப்பைத்தான் நான் இந்த மொத்தச் சிகிச்சையிலும் மிக முக்கியமான மருந்து என்று நினைக்கிறேன். ஊசி விலை குறையக் குறைய அதை எழுதித் தருவது சுலபமாகும். இந்தக் காத்திருப்பின் விலையை எந்தக் கம்பெனியும் குறைத்துத் தராது.

முதல் நாள் நான்கு ஊசி, இரண்டு வாரம் கழித்து இரண்டு, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சென்னையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். திண்டிவனம் தாண்டியதும் ஒரு தடவை பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். சித்தி வீட்டு ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்கும் சாமிப்பூவுக்கும் நடுவில் அதற்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறாள். கரண்ட் போனால் யாரும் ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சித்தப்பா முதல் வருடம் கடைச் சரக்கைக் குறைத்தார், இரண்டாம் வருடம் ஒரு மனையை விற்றார். அசலாக இருந்திருந்தால் முதல் வருடமே மனை போயிருக்கும்.

துளை ஆற எட்டு மாதம் ஆனது. இப்போது 64 கிலோ.

அவன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். நான் வற்புறுத்தி எழுத வைத்தது. ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, கடைப்பெயர், பேட்ச் நம்பர். நம் ஊரில் இப்போது அடலிமுமாப் நகல்கள் பல கம்பெனிகளிலிருந்து வருகின்றன. டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார். ஏதாவது தவறாகப் போனால் எந்த மருந்து, எந்த பேட்ச் என்று சொல்வதற்கு இந்தக் கட்டம் போட்ட நோட்டைத் தவிர வேறு பதிவு இருக்காது.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். வழக்கமான கடையில்தான் வாங்கியிருக்கிறான். பெட்டியின் நிறம் வேறாக இருந்திருக்கிறது. கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இது கொஞ்சம் விலையும் கம்மி" என்றிருக்கிறார்.

"போட்டுக்கிட்டியா?"

"இல்லண்ணா. ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. இன்னிக்குதான் போடணும், நாளைக்குக் கிரிவலம் வேற."

அசலிலிருந்து நகலுக்கு மாறியவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். நார்வேக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். இவன் மாறப்போவது ஒரு நகலிலிருந்து இன்னொரு நகலுக்கு. "டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போடு. ஒரு நாள் தள்ளினா பரவால்ல" என்றேன். பிறகு நோட்டை எடுக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பேட்ச் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான். நான் இங்கே சென்னையில் இன்னொரு பிரதி எழுதிக்கொண்டேன்.